புறப்படுவதற்கென்று ஒரு வீடு: யோசேப் வாஸ் அடிகளார் நிறுவியது என்ன?



துறவு வாழ்வுக்கென ஒரு குழுவை நிறுவிய புனிதர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். லொயோலா இஞ்ஞாசியார், அவிலா தெரேசா, தொன் போஸ்கோ என்று பெரிய பெயர்கள் வரிசையில் நிற்கின்றன. நான் யோசேப் வாஸ் என்று எழுதி அனுப்பினேன். அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "அவர் இலங்கையின் அப்போஸ்தலர் ஆயிற்றே, எந்தச் சபையை நிறுவினார்?"

நியாயமான கேள்விதான். வாஸ் அடிகளாரைத் தனி ஆளாகவே நினைத்துப் பழகிவிட்டோம். ஒல்லாந்தர் கண்ணில் படாமல் காடும் கழனியும் கடந்த தன்னந்தனிக் குரு என்பதுதான் நம் மனதில் பதிந்த படம். அந்தப் படத்தில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. 1685இல் கோவாவில் அவர் உருக்கொடுத்த ஒரு குருக்கள் இல்லம் இல்லாமற் போயிருந்தால், 1711இல் கண்டியில் அவர் கண்மூடியபோதே அவருடைய பணியும் முடிந்திருக்கும். ஓரிடத்தில் தங்கி வாழ்வதற்கென்று ரோமையில் தோன்றிய ஒரு முறையை எடுத்து, அதைப் புறப்பட்டுப் போவதற்கான முறையாக்கினார். அவர் நிறுவியது அதைத்தான் என்பது என் வாதம். இனி அதை எண்ணிட்டுச் சொல்கிறேன்.

1. அடைத்திருந்த கதவு

1651 ஏப்ரல் 21ஆம் நாள், கோவாவின் பெனோலிம் என்ற ஊரில், தாய்வீட்டில் பிறந்தார் வாஸ். தந்தை கிறிஸ்தோவாவோ வாஸ், சான்கோலே ஊர்க்காரர். தாய் மரியா தே மிராண்டா. கொங்கணி பேசும் பிராமண மரபுக் கத்தோலிக்கக் குடும்பம். போர்த்துக்கீசியமும் இலத்தீனும் படித்து, பழைய கோவா நகரில் சேசு சபையாரின் தூய பவுல் கல்லூரியிலும் தொமினிக்கர்களின் தூய தோமா அக்குவினாஸ் கல்விக்கூடத்திலும் பயின்று, 1676இல் குருப்பட்டம் பெற்றார்.

குருவாகலாம். ஆனால் துறவற சபையில் சேர முடியாது. அன்றைய கோவாவின் நடைமுறை அதுதான். பிரான்சிஸ்கர், தொமினிக்கர், அகுஸ்தீனார், சேசு சபையார் ஆகிய நான்கு பெருஞ்சபைகளும் அங்கே பெரிய மடங்களோடு இருந்தன. மண்ணின் மைந்தர்களுக்கு அங்கே படிக்க இடம் உண்டு, உறுப்பினராக இடம் இல்லை. 1575இல் கொல்லத்தைச் சேர்ந்த பேரோ லூயிஸ் என்ற பிராமணரைச் சேசு சபை ஏற்றுக்கொண்டது. அதோடு சரி. திவார் தீவைச் சேர்ந்த மத்தேயுஸ் தே காஸ்த்ரோவின் கதை இன்னும் விசித்திரம். கோவாவில் குருப்பட்டம் மறுக்கப்பட்ட அவர் ரோமைக்குப் போனார். அங்கே குருவாகி, 1637இல் ஆயராகவே உயர்ந்தார். ஊரில் குருவாகத் தகுதியற்றவர் என்று சொல்லப்பட்டவர் ரோமையில் ஆயராகத் தகுதி பெற்றார்! கோவாவின் அதிகாரிகள் அதை எப்படி வரவேற்றிருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

இளைய குருவான வாஸ் 1681 முதல் 1684 வரை கன்னடக் கரையில் பணிபுரிந்தார். அங்கே போர்த்துக்கல் அரசரின் உரிமைக்கும் ரோமையின் நேரடி ஆட்சிக்கும் இடையே நடந்த இழுபறியில் மாட்டிக்கொண்டார். ரோமை அனுப்பிய ஆயர் தோமாஸ் தே காஸ்த்ரோ, முன்பு சொன்ன மத்தேயுசின் உறவினர். இரண்டு பக்கமும் இந்தியர், இரண்டு பக்கமும் மேலிருந்து வந்த ஆணைகள். அந்த மூன்று ஆண்டுக் கதைக்குத் தனிச் சொற்பொழிவே வேண்டும்.

2. 1685: அவர் தொடங்காத வீடு

கோவாவுக்குத் திரும்பியவர், நகருக்கு வெளியே குன்றொன்றின் மேலிருந்த அற்புதச் சிலுவைக் கோயிலில் சில உள்ளூர்க் குருக்கள் கூட்டாக வாழ்வதைக் கண்டார். பாஸ்கோல் த கோஸ்தா ஜெரெமியாஸ் என்ற குருவின் முயற்சியில் 1682 வாக்கில் தொடங்கியது அது. ஆகவே முதல் கல்லை வைத்தவர் வாஸ் இல்லை. நண்பரின் கேள்விக்கு இது சாதகமான சான்று, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நல்லெண்ணம் இருந்தது, உருவம் இல்லை. நாலு குருக்கள் ஒரு கூரையின் கீழ்ச் சேர்ந்து செபிப்பது நல்ல காரியம். ஒருவர் நோயில் விழுந்தால், இன்னொருவர் மனம் மாறினால், அது கலைந்தும் போகும். 1685 செப்டம்பர் 25ஆம் நாள் வாஸ் அங்கே சேர்ந்தார். சேர்ந்ததும் அவரையே தலைவராக்கினார்கள். அவர் தேர்ந்த உருவம், புனித பிலிப் நேரி பதினாறாம் நூற்றாண்டில் ரோமையில் தொடங்கிய ஒரற்றோரியம். லிஸ்பனில் பர்த்தோலோமேயு தோ கெந்தால் 1668இல் அதே முறையில் ஓர் இல்லத்தை நிறுவியிருந்தார். அதன் சட்டங்களே கோவா இல்லத்துக்கும் முன்மாதிரி ஆயின.

ஏன் ஒரற்றோரியம்? இந்தத் தேர்வில்தான் அவருடைய கூர்மை தெரிகிறது. ஒரற்றோரியத்தார் வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. மறைமாவட்டக் குருக்களாகவே இருந்துகொண்டு சேர்ந்து வாழ்கிறார்கள். அதைவிட முக்கியம், ஒவ்வோர் இல்லமும் தனக்குத் தானே தலைமை. பிரான்சிஸ்கராக வேண்டுமானால் ஏற்கெனவே இருக்கும் ஒரு மாநிலத்தின் கதவைத் தட்ட வேண்டும், உள்ளே இருப்பவர் திறக்க வேண்டும். ஒரற்றோரியத்தில் உள்ளேயிருந்து மறுக்க ஆளே கிடையாது. ஊரிலிருக்கும் குருக்கள் கூடித் தாங்களே ஓர் இல்லமாகலாம். அரசரின் இசைவும் திருத்தந்தையின் ஒப்புதலும் பின்னால் வந்தால் போதும். பின்னால்தான் வந்தன: 1706இல் திருத்தந்தை பதினோராம் கிளமெந்து சட்டங்களை உறுதிசெய்தார். அதற்குள் இல்லம் இருபது வயதைக் கடந்திருந்தது.

வாஸ் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்தாரா என்று கேட்பீர்கள். எனக்கு அவர் தந்திரக்காரராகத் தெரியவில்லை. 1677இல் தன்னை மரியாளின் அடிமையென்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்த மனிதர் அவர். ஆனால் பக்தியுள்ளவருக்கு நிர்வாக புத்தி இருக்காது என்ற நம் எண்ணத்தைத்தான் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

3. தலைவர் கிளம்பிவிட்டார்

பிலிப் நேரியின் முறையில் ஒரு விதி உண்டு. எந்த இல்லத்தில் சேர்கிறாரோ அங்கேயே ஒருவர் சாகும்வரை இருப்பார். சேசு சபைக்காரரை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம்; ஒரற்றோரியத்தார் ஊர்விட்டு ஊர் போகாதவர். கோவா இல்லத்தின் தலைவரோ ஓராண்டுகூட முழுதாக இருக்கவில்லை. 1686இல் பொறுப்பை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, வீட்டு வேலைக்காரரான யோவானோடு தெற்கே நடந்தார்.

இலங்கையின் கரையோரம் 1658க்குள் ஒல்லாந்தர் கைக்குப் போயிருந்தது. கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. தூத்துக்குடியும் அதே ஆண்டு அவர்களிடம் விழுந்தது. போர்த்துக்கீசக் குருக்கள் துரத்தப்பட்டு முப்பது ஆண்டுகளாகின்றன. ஒரு தலைமுறையே பாவசங்கீர்த்தனம் செய்யாமல் வளர்ந்துவிட்டது. ஐரோப்பியர் எவரும் கரையிறங்கினால் கோட்டைக்குச் செய்தி போய்விடும். கருத்த மேனியும் இடுப்பில் முழத்துணியும் தலையில் சுமையுமாக இறங்கும் கூலியாளை எந்தக் காவற்காரர் திரும்பிப் பார்ப்பார்? துறவற மடங்கள் எந்த நிறத்தைக் காரணம் காட்டிக் கதவடைத்தனவோ, அந்த நிறம்தான் இங்கே அவருக்கு அனுமதிச்சீட்டு.

1687இல் பாஸ்கா காலத்தை ஒட்டி இருவரும் யாழ்ப்பாணம் சேர்ந்தார்கள். கடும் வயிற்றுக்கடுப்பு. கிடந்த இடத்துக்கு ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துப் பிழைக்க வைத்தாள் என்பது வழிவழிச் செய்தி. எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவர் செய்த காரியம் ஒன்றை வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். யார் கத்தோலிக்கர் என்று வாய்விட்டுக் கேட்க முடியாது. படலையைத் திறந்து வருபவரின் கண் எங்கே போகிறது என்று பார்ப்பார். பலருக்கு அது வெறும் மணிமாலை. அரிசியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள். யாரோ ஒருவருடைய கண் மட்டும் அந்த மாலையிலேயே நின்றுவிடும். அந்த வீட்டுக்கு மறுநாளும் போவார்.

அப்படித் தெரிந்துகொண்ட வீடுகளில் இரவில் பூசை. பின்பு பண்டத்தரிப்பை அடுத்த சில்லாலை ஊரார் அவரைத் தங்களோடு வைத்துக் காத்தார்கள். நத்தார் இரவொன்றில் ஒல்லாந்தர் பூசைக்குக் கூடியிருந்தவர்களைச் சுற்றிவளைத்தனர். வாஸ் தப்பினார், பிடிபட்ட விசுவாசிகள் சித்திரவதைப்பட்டனர். இந்த ஒடுக்குமுறையோடு பேசப்படும் ஒல்லாந்த ஆணையர் ஹென்றிக் வான் ரேடே. மலபார்க் கரையின் மரஞ்செடி கொடிகளைப் பன்னிரண்டு தொகுதிகளில் படத்தோடு பதிவுசெய்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலுக்குக் காரணமானவரும் இதே மனிதர்தான். தாவரவியல் மாணவர்கள் யாரும் இங்கே இருந்தால் மன்னிக்கவும்.

4. குரு இல்லாதபோது யார்?

புத்தளம் வழியாக 1692இல் கண்டி சென்ற வாஸைப் போர்த்துக்கீச ஒற்றர் என்று அரசவையிலிருந்த லானரோல் என்ற பிரெஞ்சுக்காரர் கோள் சொன்னார். மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர் அவரைச் சிறையில் வைத்தார். சிறை மெல்ல மெல்லக் காவல் தளர்ந்த வீடாகி, வீடு சிற்றாலயமாகியது. 1696இல் வறட்சியின்போது அவர் செபிக்க மழை பெய்தது என்ற கதையை இலங்கையில் குழந்தைகளும் சொல்வார்கள். பௌத்த மன்னரின் நிழலில் கத்தோலிக்கக் குருவுக்குப் பாதுகாப்பு, கிறிஸ்தவ அரசின் ஆட்சியில் அவர் தலைக்கு ஆபத்து. இந்த முரணை நம் மேடைகளில் போதிய அளவு பேசுவதில்லை.

ஆனால் என் வாதத்துக்குக் கண்டி மழையைவிடச் சிறிய ஒரு செய்தி முக்கியம். தீவு முழுவதற்கும் ஒரே குரு. ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறை போனாலே பெரிது. மீதி நாளெல்லாம் ஊர்க்கோயில் மூப்பர் பொறுப்பில் இருந்தது. அண்ணாவியார் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் செபம் வாசித்தார். சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்கார்ந்தார். குழந்தை சாகும் நிலையில் இருந்தால் ஞானஸ்நானமும் கொடுத்தார். இந்த ஏற்பாட்டை வாஸ் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பழைய பழக்கத்தைத் தூசி தட்டி எடுத்து, ஊர்தோறும் ஆளை நியமித்து, அவர்கள் வாசிப்பதற்குத் தமிழிலும் சிங்களத்திலும் செபங்களைக் கொடுத்தார்.

கோவாவில் செய்ததையேதான் இங்கேயும் செய்தார் என்பேன். தலைவர் கிளம்பிப் போனாலும் நிற்கும்படி வீட்டை அமைப்பது. அங்கே குருக்களை வைத்து, இங்கே குடும்பஸ்தர்களை வைத்து.

5. பின்னால் வந்தவர்கள்

தனியாகத் தீவுக்குள் போய்த் தனியாகவே மறைந்த மறைபணியாளர்கள் கீழைநாடுகளின் வரலாற்றில் ஏராளம். வாஸ் அப்படி ஆகாததற்குக் காரணம், கோவாக் குன்றின் மேல் அவருடைய கடிதங்களைப் படிக்க ஒரு வீடு இருந்தது. ஒன்பது ஆண்டுத் தனிமைக்குப் பின், 1696-97இல் யோசேப் தே மெனேசெஸ், உறவினரான யோசேப் கர்வாலோ முதலியோர் வந்து சேர்ந்தனர். கொச்சி ஆயர் பேத்ரோ பச்சேக்கோ வாஸைத் தம் பதிலாளாக நியமித்தார். தீவைப் பகுதிகளாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்தார்கள்.

1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியது. மன்னர் நகரை விட்டு வெளியேறினார். வீட்டாரே நோயாளிகளைக் காட்டோரம் விட்டுவிட்டு ஓடினார்கள். வாஸும் கர்வாலோவும் கைவிடப்பட்டவர்களைத் தூக்கி வந்தார்கள். புண்ணைக் கழுவி, கஞ்சி ஊற்றி, செத்தவர்களைத் தம் கையால் குழிவெட்டிப் புதைத்தார்கள். மதம் பார்த்து யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. அதன்பின் கண்டியில் அவரைப் பார்க்கும் பார்வையே மாறியது. இதில் நான் கவனிப்பது அந்த 'வாஸும் கர்வாலோவும்' என்பதை. இரண்டு ஆள் இருந்தால்தான் ஒருவர் தலையையும் ஒருவர் காலையும் பிடித்துத் தூக்க முடியும்.

1705இல் வந்தவர்களில் ஒருவர் யாக்கோமே கொன்சால்வெஸ். திவார் தீவில் 1676இல் பிறந்தவர், அதாவது வாஸ் குருவான ஆண்டில். கொங்கணிக்காரரான இவர் தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரண்டிலும் எழுதிக் குவித்தார். தமிழில் 'தேவ அருள்வேத புராணம்', 'சுகிர்த தர்ப்பணம்', 'சுவிசேஷ விரித்துரை', 'வியாகுலப் பிரசங்கம்' என்று நூல்கள் வந்தன. தமிழ் உரைநடை வரலாறு எழுதுபவர்கள் தத்துவபோதகரிலிருந்து நேரே வீரமாமுனிவருக்குத் தாவிவிடுகிறார்கள். பாக்குநீரிணையைத் தாண்டிக் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் நல்லது. அச்சு இல்லை, ஒல்லாந்தர் கண்காணிப்பு வேறு. இந்த நூல்கள் கையால் படியெடுக்கப்பட்டு ஊர் ஊராகப் போயின. முன்பு சொன்ன மூப்பரும் அண்ணாவியாரும்தான் அவற்றின் வாசகர்கள்.

வாஸின் கதை நமக்குக் கிடைத்ததும் இந்த வீட்டால்தான். அவர் வாழ்வை 1745இல் நூலாக வெளியிட்ட செபஸ்தியாவோ தோ ரேகோ, கோவா இல்லத்தின் உறுப்பினர். செபமாலைப் பிச்சைக்காரரை நாம் அறிய, யாரோ ஒருவர் கடிதங்களைக் கட்டிவைத்திருக்க வேண்டும், இன்னொருவர் உட்கார்ந்து எழுத வேண்டும்.

6. வாசற்படி

இதுவரை கேட்டவர்களுக்கு ஒரு கசப்பையும் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. வெள்ளையர் அடைத்த கதவுக்குப் பதிலாகத் திறந்த இந்த வீட்டின் வாசலில் இன்னொரு படி இருந்தது. கோவா ஒரற்றோரியம் பிராமண மரபுக் கத்தோலிக்கக் குருக்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. சாரதோ என்னும் சத்திரிய மரபினர் பதினெட்டாம் நூற்றாண்டில் சிம்பெலில் கார்மேல் மூன்றாம் சபை இல்லமாகத் தனியே கூட வேண்டியிருந்தது. நிறத்தின் பேரால் ஒதுக்கப்பட்டவர்கள் குலத்தின் பேரால் ஒதுக்கினார்கள்.

வாஸை இதிலிருந்து முழுவதும் விடுவிக்க எனக்கு மனமில்லை. அவர் காலத்து மனிதர் என்பது விளக்கம்தான், விடுதலைப் பத்திரம் ஆகாது. யோவானை நினைத்துப் பாருங்கள். கோவாவிலிருந்து கூடவே நடந்தார். யாழ்ப்பாணத்தில் கூடவே நோயில் கிடந்தார். பூசைக்கு உதவியாக நின்றார். வாஸோடு எல்லா ஆபத்துக்கும் போனவர் அந்த வீட்டின் உறுப்பினராக முடியாது. வேலைக்காரர் என்ற ஒரு சொல்லோடு வரலாறு அவரைக் கடந்துவிடுகிறது. அம்மைக் காலத்தில் யார் புண்ணையும் குலம் கேட்காமல் கழுவிய கைதான் இந்த வாசற்படியையும் ஏற்றுக்கொண்டது. இரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

7. வீடு போன பிறகு

1711 ஜனவரி 16ஆம் நாள் வாஸ் கண்டியில் இறந்தார். அவர் புதைக்கப்பட்ட இடம் இன்று அடையாளம் தெரியாமல் போய்விட்டது. ஒல்லாந்தர் காலம் முழுவதும் கோவாவிலிருந்து ஆட்கள் தொடர்ந்து வந்தார்கள். 1742இல் கொன்சால்வெஸ் இறந்த பிறகும் வந்தார்கள். ஆங்கிலேயர் 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கியபோது, தீவில் பணிசெய்துகொண்டிருந்தவர்கள் இந்த இல்லத்தார்தான். இலங்கை தனி மறைத்தளமானபோது அதன் தொடக்ககாலத் தலைவர்களில் ஒருவரான விசென்தே தோ ரொசாய்ரோவும் ஒரற்றோரியத்தாரே.

ஏறத்தாழ அதே நேரத்தில் தாய்வீடு இடிந்தது. போர்த்துக்கல்லில் 1834இல் துறவற இல்லங்களை ஒழித்த சட்டம் மறு ஆண்டு கோவாவையும் எட்டியது. குன்றின் மேலிருந்த கோயில் பாழாகி, அற்புதச் சிலுவை பேராலயத்துக்குப் பெயர்ந்தது. நிறுவியவரைப் புனிதராக்கும் வேலையோ 1713இல் தொடங்கி, 1995 ஜனவரி 21இல் அருளாளர் பட்டத்துக்கும், 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் புனிதர் பட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. வழக்கமாகக் கேட்கப்படும் இரண்டாவது அற்புதத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் கேட்கவில்லை. பட்டம் கொடுத்த அன்று பிற்பகலே அவர் வன்னிக் காட்டிலுள்ள மடுமாதா கோயிலுக்குப் போனார்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். வாஸ் நிறுவிய சபையைக் காட்டு என்றால் கோவாவில் எனக்குக் காட்ட ஒன்றுமில்லை, இடிபாடுதான். ஆனால் தபசு காலத்தில் யாழ்ப்பாணத்துக்கோ மன்னாருக்கோ போய், மாலையில் ஒரு கோயிலுக்குள் உட்காரச் சொல்வேன். 'வியாகுலப் பிரசங்கம்' இழுத்த ராகத்தில் கேட்கும். ஒன்பது பிரசங்கங்கள், பழைய தமிழ், நீளமான வாக்கியங்கள். வாசிப்பவர் குரு அல்ல. ஊர்க்காரர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொள்பவர். பக்கத்தில் இன்னொருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருப்பார்.